நெட்டை வாசலும் குட்டை அப்பாவும்

அந்தப் படத்து அப்பாவைத் தெரியாதவர்கள் உண்டா? வாசலில் வந்து நிற்பாரே, அந்தக் குட்டை மனிதர்தான். பேருந்தில் இரண்டு பேர் சினிமா பேசினால் போதும், மூன்றாவது ஆள் தலையை நீட்டி, "அந்த வேஷம் முதல்ல வேற ஒருத்தருக்குப் போக வேண்டியது, தெரியுமா?" என்று தொடங்கிவிடுவார். அவருக்குக் கால் முறிந்துவிட்டது என்பார் ஒருவர். சம்பளத் தகராறு என்பார் இன்னொருவர். ஆளுக்கொரு சரடு. உட்காருங்கள் கண்ணுகளா, உள்ளது உள்ளபடி சொல்கிறேன்.

அன்று காலை அந்தக் குட்டை மனிதர் தன் வீட்டுக் குளியலறையில் குப்புறப் படுத்துக்கொண்டு, அடைத்துப்போன தண்ணீர்க் குழாய்க்குள் கம்பியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். திரையுலகில் அவருக்குப் பெயர் பம்பரம். படத்துக்குப் படம் அறை வாங்குவதுதான் அவர் பிழைப்பு. கதாநாயகன் கை ஓங்க வேண்டியதுதான், கிறுகிறுவென்று சுற்றி, கண்ணை உருட்டி, தொப்பென்று விழுவார். தியேட்டரே குலுங்கும். பெற்ற தாய் வைத்த பெயரை ஊர் மறந்தே போயிற்று. ஒரே ஒரு படத்திலாவது அடி வாங்காமல் நிற்க வேண்டும் என்று மனதுக்குள் ஓர் ஆசை. வெளியே சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெள்ளை உடுப்பு மாட்டி வேலைக்குக் கிளம்பி நின்றவள், போனைக் காதில் வைத்தாள். முகம் ஒரு தினுசாக மாறியது.

"ஏங்க, யாரோ டைரக்டரம்மா பேசறாங்க. உடனே வரணுமாம். அப்பா வேஷமாம்."

"அப்பாவை யார் அடிக்கிறாங்க? ஹீரோவா, வில்லனா?"

"அடிதடியே இல்லையாம்."

"அப்போ ராங் நம்பர். வெச்சிடு."

அவள் வைக்கவில்லை. அவருடைய ஈரக் கையை அவர் துண்டாலேயே துடைத்துவிட்டுக் காதில் போனை அழுத்தினாள். கேட்கக் கேட்க அவர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு நின்றார். பிறகு, சட்டையைத் தேடிக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். சட்டை அவர் தோளிலேயே கிடந்தது.

கீழே கார் வந்துவிட்டது. ஓட்டுநர் வசனத் தாளை நீட்டினார். மனைவி எதிர்ப்பேச்சு சொன்னால்தான் இவருக்கு வசனம் மண்டையில் ஏறும், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். எனவே அவள் தன் வேலையைத் தோழி தலையில் கட்டிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள். வழி நெடுக அவள் மகள், இவர் அப்பா. ஓட்டுநர் இரண்டு இடத்தில் பிரேக் போட மறந்தார்.

படப்பிடிப்புக் கொட்டகைக்குள் நடுநாயகமாக ஒரு சின்ன ஓட்டுவீடு செட் போட்டிருந்தார்கள். டைரக்டரம்மா ஒல்லியான பெண். கழுத்தில் விசில், கண்ணில் நெருப்பு.

"வாங்கண்ணே. கதையைச் சொல்லிடறேன். மில் முதலாளி, மகளை வீட்டை விட்டுத் துரத்தினவர். கடைசியில மன்னிப்புக் கேட்க அவ வீட்டுக்கு வர்றார். வீட்டு வாசல் ரொம்பத் தாழ்வு. யாருக்கும் வணங்காத தலை அங்கே குனியுது. படத்துக்கே உயிர் அதுதான்."

"அருமையா இருக்கேம்மா!"

"இருந்துச்சு. பெரிய ஸ்டார் வந்தார். ஆள் பனைமர உயரம். 'நான் குனிஞ்சா என் ரசிகர்கள் தாங்க மாட்டாங்க'ன்னுட்டார். அதோட விட்டாரா? நான் அந்தப் பக்கம் போன நேரமாப் பார்த்து, மேஸ்திரிகிட்டச் சொல்லி வாசலையே உயர்த்தி வெச்சுட்டார்! அவர் நிமிர்ந்து நடந்து போகணுமாம். நான் கத்தினேன். அவர் காரேறிட்டார்."

செட் மேஸ்திரி ஓரமாக நின்று தலையைச் சொறிந்தார். "பெரிய மனுஷன் கேட்டார், இல்லைன்னா சொல்ல முடியும்? வாசல் நிலையை ஏத்தினேன், அதோட கூரையும் ஏறிப்போச்சு. இப்போ இறக்கணும்னா சாயங்காலம் ஆயிடும்."

பம்பரம் வாசலைப் பார்த்தார். அவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு இன்னொருவர் தாராளமாக நடந்து போகலாம்.

மடக்கு நாற்காலியில் பட முதலாளி உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் இரண்டு போன். "இந்தாம்மா, இன்னொரு ஸ்டார்கிட்டப் பேசியாச்சு. மத்தியானத்துக்குள்ள பதில் சொல்றேன்னிருக்கார். அவரும் குனிய மாட்டார்தான், ஆனா டிக்கெட் விக்கும். அது வரைக்கும் உன் பம்பரத்தைச் சுத்த விட்டுப் பாரு."

"ஒரே ஒரு ஷாட் எடுத்துக் காட்டறேன் சார். பிடிக்கலைன்னா நானே விட்டுடறேன்."

"பம்பரம் நின்னு நீங்க பார்த்ததில்லையே சார்," என்றாள் நர்ஸ்.

முதலாளி நிமிர்ந்தார். "இது யாரு?"

"அவர் பெண்டாட்டி."

"அதானே பார்த்தேன்."

தையற்காரர் ஓடி வந்து ஸ்டாருக்குத் தைத்த கோட்டை இவருக்கு மாட்டினார். அது தரையைக் கூட்டியது. முதுகுப் பக்கம் மடித்து மடித்து ஊசி குத்தினார். "அண்ணே, முன்னாடி ராஜா, பின்னாடி முள்ளம்பன்றி. உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன், சுத்திடாதீங்க."

மகளாக நடிக்கும் நடிகை இன்னும் வந்து சேரவில்லை. குரல் கொடுக்க ஆள் வேண்டுமே? நர்ஸையே வீட்டுக்குள் முக்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் தாளைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், திடுக்கிட்டாள்.

"டைரக்டரம்மா, காரில் படிச்சப்போ தோணலை. 'பார்த்து வாங்கப்பா, தலை இடிக்கும்'னு மக சொல்றா. இந்த வாசல்ல ஒட்டகமே உள்ளே வரும். இவருக்கு எங்கேம்மா இடிக்கும்?"

"நானும் அதைத்தான் யோசிக்கிறேன் அக்கா. முகத்தை மட்டும் கிட்ட வெச்சு எடுத்துடறேன். வாசல் தெரியாது."

"அதெல்லாம் கூடாது," என்றார் முதலாளி. "வாசலோட சேர்த்து எடு. ஆள் எவ்வளவு உயரம்னு ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

போச்சு! டைரக்டரம்மா உதட்டைக் கடித்தாள். வேறு வழியில்லை. கேமராவைப் பின்னுக்கு நகர்த்தினார்கள். விளக்குகள் பளீரென்று எரிந்தன. விசில் ஒலித்தது.

பம்பரம் நடந்து வந்தார். மில் முதலாளி நடை. அதுவரைக்கும் சரிதான். வாசலுக்கு வந்ததும், அவர் அறியாமலே கண் மேலே போயிற்று. நிலை எங்கோ இருந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பார்த்து வாங்கப்பா, தலை இடிக்கும்."

உயரப் பலகையில் நின்ற விளக்குக்காரர்தான் முதலில் 'க்ளுக்' என்றார். அது தொற்றிக்கொண்டது. தையற்காரர், மேஸ்திரி, ஒலிப்பதிவுக்காரர், ஒருவர் பாக்கியில்லை. முதலாளி தொடையைத் தட்டிச் சிரித்தார்.

எத்தனை வருடமாக அவருக்குச் சோறு போட்ட சிரிப்பு அது! குதிகால் தானாக எழும்பிற்று. ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று சுற்றினால் கொட்டகை அதிரும். அவர் சுற்றவில்லை. நின்றார். சிரிப்பு அவர் மேல் விழுந்து வழியும்வரை அப்படியே நின்றார்.

நின்றபோதுதான் அவருக்கு ஒன்று தோன்றியது. இந்த வாசல் என்னைக் குனியச் சொல்லவில்லை. இது யாரையுமே குனியச் சொல்லாது. நிமிர்ந்த தலையோடு உள்ளே போனாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. அப்படியானால், குனிய வேண்டியது நானேதான்.

சிரிப்பு மெல்ல அடங்கியது. பெரிய வாசலுக்குக் கீழே ஒரு சின்ன மனிதர் நின்றார். தலைக்கு மேலே அத்தனை இடம் காலியாகக் கிடந்தது. அவர் தலை குனிந்தார். முதலில் கண், அப்புறம் கழுத்து, அப்புறம் தோள். ஊசி ஒன்று முதுகில் ஆழ இறங்கியிருக்க வேண்டும். முகத்தில் அந்த வலியும் சேர்ந்துகொண்டது.

"தெரியும்மா," என்றார்.

தாளில் இருந்த வசனம்தான். தலையை நிமிர்த்தாமலே வாசலைத் தாண்டினார்.

உள்ளே, மகள் "உட்காருங்க" என்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் எத்தனையோ அழுகைகளைப் பார்த்துக் கல்லாகிப்போனவள் என்று பெயரெடுத்த நர்ஸ் வசனத்தை விட்டுவிட்டாள். எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டைரக்டரம்மாவின் உதட்டில் விசில் இருந்தது, மூச்சுதான் வெளியே வரவில்லை. கேமரா அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. விளக்குக்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதலாளியின் போன் அலறியது.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் எடுத்தார். "சொல்லுங்க சார்... அப்படியா சார்?... தேதி கொடுத்துட்டீங்களா?"

இன்னொரு ஸ்டார் சம்மதித்துவிட்டார். டைரக்டரம்மாவின் முகம் செத்துப்போயிற்று. பம்பரம் செட்டுக்குள் நின்றபடியே கோட்டுப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். பழக்கப்பட்ட ஏமாற்றம்தானே, விரல் தானாக வேலை செய்தது.

முதலாளி வாசலைப் பார்த்தார். உள்ளே நின்றவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மன்னிக்கணும் சார். வேஷத்துக்கு ஆள் வந்தாச்சு... இல்லைங்க, இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லை. அவர் வாசலைத் தாண்டி உள்ளே போயிட்டார்."

கொட்டகை அதிர்ந்தது பாருங்கள், அப்படி ஒரு கைதட்டல்! மேஸ்திரி சந்தோஷத்தில் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "அம்மா, இப்பவே வாசலை இறக்கிக் கொடுத்துடறேன்!"

"ஒரு விரல் இறக்கினீங்க, உங்களை அதுலயே கட்டித் தொங்கவிட்டுடுவேன்!" என்றாள் டைரக்டரம்மா. அழுகையும் சிரிப்புமாக அவளுக்குக் குரலே மாறியிருந்தது.

அதற்குள் மகளாக நடிக்கும் நடிகையும் அரக்கப் பரக்க வந்து சேர்ந்தாள். "அண்ணே, இதையே இப்போ நிஜமா எடுக்கணும். முடியுமா?" என்று கேட்டாள் டைரக்டரம்மா.

"எத்தனை தடவை வேணாலும் குனியறேன்மா. ஆனா இவ கண்ணுக்குத் தெரியற இடத்துல இருக்கணும். இல்லைன்னா எனக்கு வசனம் வராது."

அதனால்தான் நர்ஸின் முக்காலியை நடிகைக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாத மூலையில் போட்டார்கள். ஊசிகளைப் புதிதாகக் குத்தினார்கள். நர்ஸ் முந்தானை இல்லாத உடுப்பில் மூக்கைத் துடைக்க இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏய், விசும்பாதேடி, மைக்ல விழும்," என்று வாசலுக்கு வெளியிலிருந்து ரகசியமாக அதட்டினார் பம்பரம்.

"நீங்க வசனத்தை மறக்காம இருங்க. இருக்கிறதே ஒரு வார்த்தை."

விசில் ஒலித்தது.