காரணத்தை எழுதுங்க டாக்டர்

"வயசாயிடுச்சு இல்லையா? இந்த வயசுல ரத்தம் கொஞ்சம் குறைவாத்தான் இருக்கும்" என்றார் பெரிய டாக்டர், தலையைத் தூக்காமலே. சொன்னதோடு விட்டாரா? சீட்டிலும் அதையே எழுதிவிட்டார்.

கறையம்மாவுக்கு வந்ததே கோபம்! எழுபத்திரண்டு வயசு என்ன ராத்திரியோடு ராத்திரியாக வந்து குதித்ததா? போன வருஷம் எழுபத்தொன்று. அப்போது கம்பளி மூட்டையைத் தனியாளாகத் தூக்கி அலமாரியில் வைத்தவள்தான். இப்போது நாலு படி ஏறினால் நாய் மாதிரி மூச்சு வாங்குகிறது. போன வாரம் தன் சலவைக்கடையில் ஸ்டீம் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடியே மயங்கி விழுந்தாள். நல்லவேளை, பெட்டி அவள்மேல் விழவில்லை. யாரோ ஒருத்தருடைய புது கோட்டின்மேல் விழுந்து ஓட்டை போட்டது.

"வயசு ஒரு வியாதியா டாக்டர்? அதுக்கு மருந்து இருந்தா முதல்ல நீங்க போட்டுக்கோங்க. உங்களுக்கும் நரைச்சிருக்கே!" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். கூட வந்த மகனுக்கு மானம் போயிற்று.

வெளியே வந்ததும் அவன் பிடித்துக்கொண்டான். "போதும்மா. கடையை மூடிடலாம். நாப்பது வருஷம் நின்னாச்சு. வீட்ல நிம்மதியா இரு."

"நிம்மதியான்னா? சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறதா? என் உடம்புல என்ன கோளாறுன்னு எவனாவது கண்டுபிடிச்சுச் சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்."

சலவைக்கடைதான் அவள் உயிர். எந்தக் கறையானாலும் எடுத்துவிடுவாள் என்பதால் தெருவே வைத்த பெயர் கறையம்மா. கடையில் ஒரே ஒரு சட்டம். கறை எதனால் வந்தது என்று உள்ளதைச் சொன்னால்தான் துணியில் கை வைப்பாள். காரணம் தெரியாமல் மருந்து போட்டால் கறை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் போகாது.

மறுவாரம் வேறொரு மருத்துவமனை. இங்கே சின்ன டாக்டர், மகள் வயசுகூட இருக்காது. ஆனால் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை மூன்று தடவை படித்தாள்.

"எழுபத்திரண்டு வயசுன்னா ரத்தம் தானா குறையாதும்மா. ஏதோ ஒரு காரணம் இருக்கும். உங்க உடம்புல இரும்புச்சத்து துடைச்சு வச்ச மாதிரி காலியா இருக்கு. நல்லாச் சாப்பிடுறீங்கன்னா, உள்ளே எங்கேயோ ரத்தம் கசியுதுன்னு அர்த்தம்."

அப்படிப் போடு! கறையம்மாவுக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மகனைத் திரும்பிப் பார்த்து மிதப்பாகச் சிரித்தாள்.

"வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? முட்டி வலி, முதுகு வலிக்கு?"

சிரிப்பு அப்படியே நின்றது. மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.

"இல்லையே. எனக்கு ஒரு வலியும் கிடையாது" என்றாள், கல்லு மாதிரி.

சின்ன டாக்டர் இரும்பு மாத்திரை எழுதினாள். வயிற்றையும் குடலையும் குழாய் விட்டுப் பார்க்க மூன்று வாரம் கழித்து நாள் குறித்தாள்.

அந்த மூன்று வாரத்தில் இரண்டு ஓடியது. கறையம்மா தேறவில்லை. காதுக்குள் ஓயாமல் ஒரு இரைச்சல், உதடு வெளுத்துக்கிடந்தது. இருந்தாலும் விடிந்ததும் கடைக்குப் போனாள். அங்கே போனதும் முதல் வேலையாக, பொத்தான் டப்பாவுக்கு அடியிலிருந்து முட்டிவலி மாத்திரை இரண்டை எடுத்து, வெறும் வயிற்றில் விழுங்கினாள். மத்தியானம் இன்னும் இரண்டு. இரண்டு வருஷமாக இப்படித்தான். இல்லாவிட்டால் எட்டு மணி நேரம் யார் நிற்பது?

அன்று ஒரு வாடிக்கையாளர் வெள்ளைச் சட்டையோடு வந்தார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், ஆள் எப்போதும் டிப்டாப். காலரில் கறுப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"டீ கொட்டிடுச்சும்மா."

கறையம்மா காலரைத் திருப்பிப் பார்த்தாள். "டீ எப்படிங்க காலருக்குப் பின்னாடி போச்சு? பிடரியாலயா குடிச்சீங்க?"

அவர் முகம் சிவந்தது. "அது வந்து..."

"தலைக்கு அடிக்கிற சாயம்னு சொன்னா குடி முழுகிடுமா? டீன்னு நம்பி நான் வேற மருந்தைப் போட்டிருந்தா? ஊருக்கு மறைங்க, உங்க இஷ்டம். கறையை எடுக்கப்போறவகிட்டயே மறைச்சா எப்படிங்க? பாழாகப்போறது உங்க..."

பேச்சு பாதியில் அறுந்தது. சட்டை கையில் இருந்தது. மேலாளர் பயந்துபோய், "என்னம்மா, மயக்கமா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இல்லைங்க. புத்தி வந்திருக்கு" என்றாள். கடையைப் பாதியில் அடைத்தாள். மகனுக்குப் போன் போட்டு, "ஆஸ்பத்திரிக்கு வாடா" என்றாள்.

சின்ன டாக்டரின் மேஜைமேல் கறையம்மா மாத்திரை அட்டைகளை வரிசையாக வைத்தாள். "ஒரு நாளைக்கு நாலு. ரெண்டு வருஷமா. அன்னிக்குப் பொய் சொன்னேன், டாக்டரம்மா. திட்டணும்னா திட்டிக்கோங்க."

அந்தப் பெண் திட்டவில்லை. "இந்த மாத்திரை வயித்தை அரிச்சுப் புண்ணாக்கிடும். இன்னிலேர்ந்து இதுல ஒண்ணுகூடத் தொடக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை எடுத்துக் குழாய் விடும் தேதியை மறுநாளுக்கே மாற்றினாள்.

மகன் குதித்தான். "பாத்தீங்களா டாக்டர்? இதுக்குத்தான் கடையே வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!"

"நீ சும்மா இருடா. தப்பு மாத்திரை மேல. கடை என்னடா பண்ணிச்சு?"

குடலில் ஒன்றுமில்லை. வயிற்றில் இரண்டு புண். ஒன்றிலிருந்து இன்னும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதை அங்கேயே அடைத்தார்கள், ஒரு பாட்டில் ரத்தமும் ஏற்றினார்கள். சின்ன டாக்டர் கட்டிலருகே வந்து, "ரெண்டு மாசம் மருந்து, புண்ணு ஆறிடும். முட்டிக்கு வேற வழி பாப்போம். வேலையை உக்காந்து செய்யுங்க" என்றாள்.

"கேட்டுக்கோ" என்றாள் கறையம்மா மகனிடம். "செய்யாதேன்னு சொல்லலை. உக்காந்து செய்னு சொல்றாங்க. அம்மாடி, அந்தச் சீட்டுல காரணத்தைப் பெரிசா எழுதுங்க. அந்தப் பெரிய டாக்டர் மூஞ்சிக்கு நேரா நீட்டணும்."

டாக்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். மகன் சிரிக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது.

"என்கிட்ட ஏம்மா சொல்லலை? ரெண்டு வருஷம்! பக்கத்து ரூம்லதானே இருக்கேன்?"

"முட்டி வலிக்குதுன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே? உள்ளதைச் சொல்லு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கடையைப் பூட்டியிருப்பேன்."

"அதான்டா" என்றாள் கறையம்மா. "உனக்குப் பயந்துதான் இவ்வளவு ரத்தத்தையும் விட்டேன்."