யார் யாரிடம்

பாப்பாவுக்கு வயது இருபத்தொன்பது. பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். கூட்டம் நிறைந்த அரங்கில் குரல் நடுங்காமல் கட்டுரை வாசிக்கிறாள். ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான், கடையிலும் பாப்பாதான், கடைக்குப் படம் கொண்டுவரும் வாடிக்கையாளர்களுக்கும் பாப்பாதான். அவளுடைய ஆராய்ச்சி எதைப் பற்றி என்று யாராவது கேட்டால் அவள் அப்பா, "ஊர்ல பேசறத ஒட்டுக் கேக்கறதுக்குப் பட்டம் குடுக்கறாங்களாம்" என்பார். யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை.

மனிதர்கள் அன்றாடம் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் அவள் பாடம். ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் எப்படி உள்ளே நுழைகிறார், முடியாது என்பதை முடியாது என்று சொல்லாமலே எப்படிச் சொல்லிவிடுகிறார்கள், ஒரு 'ம்'முக்கும் இன்னொரு 'ம்'முக்கும் எவ்வளவு தூரம். கடைகளில் பேச்சைப் பதிவு செய்வாள். பிறகு இருமல், தும்மல், இடைவெளி எதையும் விடாமல் எழுதுவாள். ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் யார், யாரிடம் சொன்னார்கள் என்று குறிப்பாள். தப்பாகக் குறித்துவிட்டால் மொத்த ஆராய்ச்சியும் கோணிக்கொண்டு போய்விடும் என்பாள் அவளுடைய கைடு மேடம்.

இப்படிப்பட்டவளைப் பெற்ற அப்பாவும் அம்மாவும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசி இருபது வருஷமாகிறது. சிரிக்காதீர்கள். ஒரே வீடு, ஒரே பானைச் சோறு, ஒரே கடை. கல்யாணம் காட்சி என்றால் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போய்வருவார்கள். பேச்சு மட்டும் கிடையாது. எதற்காக நின்றது என்று கேட்டால் அப்பா ஒரு கண்ணாடி உடைந்த கதையைச் சொல்வார், அம்மா தன் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போகாத கதையைச் சொல்வாள். இரண்டும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோபம் எப்போதோ தீர்ந்துபோய், யார் முதலில் வாயைத் திறப்பது என்ற வீம்பு மட்டும் மிச்சமிருந்தது.

நடுவில் தூது போனவள் பாப்பா. "உங்கப்பாகிட்ட சொல்லு", "உங்கம்மாவைக் கேளு". ஒன்பது வயதில் ஏற்ற வேலை, இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. அதில் அவளுக்கு ஒரு தனிப் பெருமையும் உண்டு. சொன்னதை அப்படியே கொண்டுபோய்க் கொட்டுகிறவள் இல்லை அவள். முள்ளை எடுத்துவிட்டுத்தான் கொடுப்பாள். "அந்த மனுஷனுக்கு மூளை இருக்கான்னு கேளு" என்று புறப்படுவது, "அப்பா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்களேன்" என்று போய்ச் சேரும். இந்தக் குடும்பம் இன்னும் உடையாமல் இருப்பது தன்னால்தான் என்று அவள் மனதார நம்பினாள்.

அதனால்தான் அந்தக் கடிதம் வந்தபோது அவளுக்குச் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகமாக வந்தது. வேறொரு ஊரில், பெரிய பல்கலைக்கழகத்தில், இரண்டு வருஷ ஆராய்ச்சி வேலை. அவள் துறையில் எல்லோரும் ஏங்கிக் காத்திருக்கும் இடம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். போகத்தான் ஆசை, அதுவும் கொஞ்ச நஞ்சமில்லை. ஆனால் தான் போனால் இவர்கள் இருவரும் ஊமை ஜாடையிலா குடும்பம் நடத்துவார்கள்? அவள் வீட்டில் மூச்சுவிடவில்லை.

இந்தச் சமயம் பார்த்துத்தான் கைடு மேடம், "ஒரு வாரம் முழுக்க ஒரே கடையில பதிவு வேணும். உங்க கடையிலயே வையேன். ஆனா நீ அங்க இருக்கக் கூடாது. நீ இருந்தா பேச்சு மாறிடும்" என்றாள். எங்கள் கடையில் பேச்சே கிடையாதே மேடம் என்று சொல்ல பாப்பாவுக்கு வெட்கமாக இருந்தது. சரி என்று தலையாட்டினாள்.

அவர்களுடையது படங்களுக்கு ஃபிரேம் போடும் கடை. முன்பக்கம் அம்மா. படத்தை வாங்கி, அளந்து, வாடிக்கையாளருக்குச் சட்டங்களைக் காட்டி, அளவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் படத்தோடு வைப்பாள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பாவின் பட்டறை. கண்ணாடி அறுப்பது, சட்டத்தை மூலை சேர்ப்பது, ஆணி அடிப்பது எல்லாம் அங்கே. தடுப்பில் போய்வர ஒரு கதவும், படங்களைக் கைமாற்ற ஒரு சின்ன ஜன்னலும் உண்டு. தூசி வரும் என்று ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பார்கள். தட்டினால் திறக்கும், படம் போகும், உடனே மூடும்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா பதிவுக் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எங்கே வைத்தால் நன்றாகக் கேட்கும் என்று இரண்டு பக்கமும் நடந்து சோதித்தாள். கடைசியில் அந்த ஜன்னல் விளிம்புதான் சரிப்பட்டது. "ஒரு வாரத்துக்கு மட்டும் இதைத் திறந்தே வைங்க" என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கெஞ்சினாள். 'இங்கே பேச்சு பதிவு செய்யப்படுகிறது' என்று வாசலில் அட்டை மாட்டினாள். தினமும் காலையில் அம்மா கருவியை முடுக்க வேண்டியது, அவ்வளவுதான்.

அந்த வாரம் மாலைகளில் வீட்டில் ஏதோ சரியில்லை. அவளிடம் வரும் தூது குறைந்துபோனது. புதன்கிழமை அம்மா வழக்கம்போல் சொல்லியனுப்பியதை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போய், "மின்சாரக் கட்டணம்..." என்று ஆரம்பித்தாள். "கட்டியாச்சு" என்றார் அவர். யார் சொல்லிக் கட்டினீர்கள் என்று கேட்டாள். அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். வயதாகிறது, இரண்டு பேருக்கும் உடம்பு எதுவும் சரியில்லையோ என்று பாப்பா பயந்தாள். ஆராய்ச்சியாளர்களுக்கு வீட்டுக்கு வெளியேதான் மூளை வேலை செய்யும் போலிருக்கிறது.

வியாழக்கிழமை மதியம், அதுவரை பதிவானதைக் கேட்கப் பல்கலைக்கழக அறையில் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் நாள் ஒரே நிசப்தம், நடுநடுவே ஆணிச் சத்தம். வந்த வாடிக்கையாளர்கள் அட்டையைப் பார்த்துவிட்டு மேடையேறியதுபோல் பேசினார்கள். "இப்புகைப்படத்திற்கு ஏற்றதொரு சட்டம் வேண்டும்" என்றார் ஒருவர். வாராவாரம் வருகிறவர், வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை இல்லாமல் பேசாதவர். பாப்பா சிரித்துவிட்டாள்.

இரண்டாம் நாள் அம்மா வாடிக்கையாளர்களைத் தூதாக்கினாள். "உள்ள இருக்கறவர்கிட்ட கொஞ்சம் சொல்லுங்க, கறுப்புச் சட்டம் தீரப் போகுதுன்னு." பாவம், வந்திருந்த பெண்மணி ஜன்னல் வழியே அதைச் சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் யாரும் வரவில்லை. வெகுநேரம் கழித்து அம்மாவின் குரல் கேட்டது.

"ஏ பெட்டி, உன்னத்தான். தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு சிந்திக் கெடக்கு. யார் கால்லயாவது குத்தினா நீயா வந்து எடுப்ப?"

ஆணிச் சத்தம் நின்றது. பிறகு அப்பாவின் குரல்.

"பெட்டி, செருப்பு போட்டுட்டு நடக்கச் சொல்லு."

பாப்பா நிறுத்தித் திரும்பக் கேட்டாள். தப்பில்லை. அம்மா கருவியிடம் பேசியிருக்கிறாள். அப்பாவும் கருவியிடமே பதில் சொல்லியிருக்கிறார். பிறகு அணை உடைந்த கதைதான். பெட்டி, மழை வரும்போல இருக்கு, வெளியில காய வச்ச சட்டத்த யாரு எடுப்பா. பெட்டி, எடுத்தாச்சு, கண்ணு தெரியாதவங்களுக்கு எப்படித் தெரியும். பெட்டி, எனக்கா கண்ணு தெரியாது, போன வாரம் கல்யாணப் படத்தைத் தலைகீழா ஃபிரேம் போட்டது யாரு. இதற்குப் பதிலாக ஒரு சத்தம் கேட்டது. அது அப்பாவின் சிரிப்பு என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஓரத்தில் 'அம்மா, பெட்டியிடம்' என்று எழுதிக்கொண்டே வந்தவள், பாதியில் பேனாவை வைத்தாள். பெட்டியிடம் கேட்ட கேள்விக்கு அப்பாவிடமிருந்து பதில் வர ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. ஒருவர் குரல் தாழ்ந்தால் மற்றவர் குரலும் தாழ்ந்தது. கூடவே தொடங்கி, கூடவே நிறுத்தினார்கள். இத்தனை பொருத்தமாகப் பேசும் இருவரை அவள் எந்தக் கடையிலும் பதிவு செய்ததில்லை. 'பெட்டியிடம்' என்பதை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, 'அப்பாவிடம்' என்று எழுதினாள். கண் கலங்கியதில் எழுத்து கோணல் மாணலாக வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். முழுமையாக இருக்கட்டுமே என்று ஞாயிற்றுக்கிழமை சோதனைப் பதிவையும் எடுத்தாள். அதில் ஜன்னல் சாத்தியிருக்கிறது, இவள் இரண்டு பக்கமும் நடக்கிறாள். அம்மா சொல்கிறாள்: "ராத்திரி பூரா இருமினாரு. எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லு. டாக்டர்கிட்ட போகச் சொல்லு." கதவு திறக்கும் சத்தம். பிறகு இவள் குரல்: "அப்பா, டாக்டர்கிட்ட போகணுமாம்." அப்பா: "நான் போயிட்டா கடையில உங்கம்மா தனியா எப்படிச் சமாளிப்பா? நிக்கவே முடியல அவளுக்கு, முட்டி வலி. அத வெளிய சொல்லவும் மாட்டா." மறுபடி கதவு. இவள் குரல்: "அம்மா, அப்புறம் போறாராம்."

பாப்பா அதை மறுபடி ஓடவிட்டாள். எனக்குப் பயமா இருக்கு என்பது எங்கே? நிக்கவே முடியல அவளுக்கு என்பது எங்கே? நடந்த அந்த நாலடியில் எங்கே போட்டாள் அதையெல்லாம்? முள்ளை எடுக்கிறேன் பேர்வழி என்று பூவையும் சேர்த்துக் கிள்ளிப் போட்டிருக்கிறாள். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. தன்னால்தான் குடும்பம் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தன்மேலேயே அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் நேராகக் கடைக்குப் போனாள். வாடிக்கையாளர் யாரும் இல்லை. அம்மா முன்னால் ஒரு குழந்தைப் படத்தை அளந்துகொண்டிருந்தாள். ஜன்னல் வழியே அப்பாவின் பாதி முகம் தெரிந்தது. மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், இரண்டு பேருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"எனக்கு வேலை கிடைச்சிருக்கு. வேற ஊர்ல. ரெண்டு வருஷம்."

அம்மாவின் கையில் அளவுநாடா அப்படியே நின்றது. "உங்கப்பாகிட்ட சொல்லு..." என்று ஆரம்பித்தாள்.

"அவர் காதுல விழுந்துச்சும்மா."

"அதில்லடி. நான் என்ன கேட்டேன்னு..."

"நான் சொல்ல மாட்டேம்மா. இத்தனை வருஷமா நீ சொன்னதுல பாதிய நான் கொண்டுபோய்ச் சேக்கவே இல்ல. அவர் சொன்னதையும் அப்படித்தான்."

அம்மா பெரிதாக அதிர்ச்சியடையவில்லை. "அதான் தெரியுமே. உங்கப்பா அவ்வளவு மரியாதையா பேசற ஆளா என்ன?"

"திட்டை மட்டும்னு நெனச்சியா? நல்லதையும்தான் முழுங்கினேன்."

"நல்லதா? இந்த மனுஷனா? என்ன சொன்னாரு?"

"அத நீயே கேட்டுக்கோ."

இந்த இடைவெளியை அளந்து எழுதும் தைரியம் பாப்பாவுக்கு இல்லை. அம்மா முகத்தைத் துடைத்தாள். ஜன்னலைப் பார்த்தாள், பாப்பாவைப் பார்த்தாள், மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஏங்க."

உள்ளே சுத்தியல் கீழே விழுந்தது.

"ம்... என்ன?"

"இவ போறாளாம்."

"கேட்டேன்."

"போகட்டுமா?"

"போகட்டும். படிச்ச பொண்ணு. நமக்காக எவ்வளவு நாள்தான் ஓடுவா?" அப்பா ஜன்னலுக்கு வந்து நின்றார். குரல் கரகரத்தது, இருமலால் அல்ல. "நாம ரெண்டு பேர் இருக்கோம்ல."

அம்மாவுக்கு உதடு துடித்தது. அழப்போகிறாள் என்றுதான் பாப்பா நினைத்தாள். ஆனால் இருபது வருஷம் அடக்கி வைத்த வாய் அவ்வளவு சுலபத்தில் அழுமா?

"இருக்கோம், இருக்கோம். அங்க போய் இவ எப்படி இருப்பா, அத யோசிச்சீங்களா? ஒரு வெந்நீர் வைக்கத் தெரியுமா இவளுக்கு?"

"கத்துப்பா. நீ மட்டும் வந்த புதுசுல பெருசா..."

"நான் வந்த புதுசுல என்ன? சொல்லுங்க. என்ன சொல்ல வந்தீங்க?"

பழக்க தோஷம், பாப்பாவின் கால் தானாக ஒரு அடி முன்னால் போனது. "அம்மா, அப்பா என்ன சொல்ல வர்றார்னா..."

இரண்டு முகமும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின.

"நீ சும்மா இருடி," என்றாள் அம்மா. "நாங்க பேசிட்டு இருக்கோம்ல."

பாப்பா வெளியே வந்து கடைப் படியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துவிட்டு, வேலைக்கு வருகிறேன் என்று பதில் அனுப்பினாள். உள்ளே சண்டை இன்னும் முடிந்தபாடில்லை.