நேற்றுக் காலையின் பதினோரு அதிர்வுகள்

"போகலைன்னு சொன்னேன்ல, ஒரு தடவை சொன்னா…"

"போகாத மனுஷனுக்கு முழங்கால் வரைக்கும் சாம்பல் எப்படி ஒட்டும்?"

"அது நம்ம வாசல்ல கிடந்த…"

"வாசல்ல சாம்பல் விழுந்து பதினஞ்சு நாளாச்சு. அன்னைக்கே கூட்டித் தள்ளிட்டேன். வாசல் மேல பழி போடாதீங்க."

பர்ஜோனோ கிராம்புச் சிகரெட்டைப் பற்றவைத்தார். அவர் மனைவி வாகிரா எண்ணெய்ச் சட்டியில் புளித்த சோயாத் தெம்பேத் துண்டுகளைத் திருப்பிப் போட்டாள். அடுப்புக்கு மேலே, உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வாக்கிடாக்கி 'ஊய்ங்' என்று ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருந்தது. எரிமலைச் சரிவில் புதைத்திருக்கும் அதிர்வுமானியின் குரல் அது. மலை அசைந்தால் சுரம் ஏறி இறங்கும். அந்த ஊரில் எல்லாச் சமையலறையிலும் அது முனகியது. குழந்தைகள் அதைக் கேட்டே தூங்கின. பேட்டரி தீர்ந்து அது நின்றுபோனால்தான் விழித்துக்கொண்டு அழுதன.

"நேத்துக் காலையில இது தொம்முன்னு குதிச்சுக்கிட்டே இருந்துச்சே, அது யாரு?"

"மலை."

"மலை குதிச்சா தடதடன்னு குதிக்கும். இது ஒரு தொம். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா. மறுபடி ஒரு தொம். புல்லை அறுத்து, கட்டி, மேட்டுலேர்ந்து கீழ தள்ளிவிட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். இருபத்தெட்டு வருஷம் உங்க கூடப் புல்லுக்கு வந்தவ நான். எனக்கா கதை விடறீங்க?"

அந்த மேட்டுக்குக் கீழேதான் அதிர்வுமானி இருந்தது. நல்ல புல்லும் அந்த மேட்டில்தான் இருந்தது. மலை இரண்டாம் எச்சரிக்கை நிலைக்குப் போன அன்றே அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று பலகை வைத்துவிட்டார்கள்.

"பலகையில யார் கையெழுத்து?"

"என்னுது."

பர்ஜோனோதான் அந்தச் சின்ன ஊருக்குத் தலைவர். ஊரே அவரைப் பேர் சொல்லாமல், தலைவரய்யா என்ற பொருளில் 'பாக் ஆர்.டி.' என்றுதான் கூப்பிட்டது.

"மீறிப் போனா என்ன தண்டனைன்னு எழுதியிருக்கீங்க?"

"ஊர்ச் சாக்கடையை மூணு மாசம் தனியா அள்ளணும்."

"யார் யோசனை அது?"

"கொஞ்சம் அதிகமோன்னு இப்போ தோணுது," என்றார் பர்ஜோனோ. பிறகு குரலை இறக்கி, மனைவியை வழக்கம்போல 'மாக்னே' என்றழைத்து, "மாடு இன்னும் பத்து நாள்ல ஈனப்போகுது, மாக்னே. வைக்கோலைத் தின்னுட்டு எப்படி ஈனும்? எலும்புதான் தெரியுது. அது முகத்தைப் பார்த்துட்டு என்னால உட்கார்ந்திருக்க முடியலை."

"என் முகத்தைப் பார்த்து ஒரு நாளாவது இப்படிச் சொன்னீங்களா?"

வாசலில் பைக் வந்து நின்றது.

எரிமலைக் கண்காணிப்பு நிலையத்து திரியாடி. பத்தொன்பது வருஷமாக அதே மலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர். எதையும் சத்தம் போட்டுச் சொல்லிப் பழக்கமில்லாதவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வாகிரா சர்க்கரை தூக்கலாகப் போட்ட தேநீரும் சூடான தெம்பேயும் கொண்டுவந்து வைத்தாள். மழை, மூட்டம், மிளகாய் விலை எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"நேத்துக் காலையில அஞ்சு பத்துலேர்ந்து ஏழு மணிக்குள்ள பதினோரு அதிர்வு, பாக் ஆர்.டி. எல்லாம் ஆழமில்லாதது. எல்லாம் ஒரே மாதிரி."

"அடடா," என்றார் பர்ஜோனோ.

"அந்த ஒரு மானியில மட்டும்தான் விழுந்திருக்கு. கிழக்குப் பக்கத்து மானி இருந்தா ஒத்துப் பார்த்திருப்பேன். அது பேட்டரியைப் போன மாசம் யாரோ கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

அதே வாரம்தான் பக்கத்து ஊர்ப் பூப்பந்து மைதானத்துக்கு விளக்கு வந்திருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

"மேல வச்சிருக்கிற கண்ணாடிக்கு ஒளி விட்டுத் தூரம் அளந்தா மலை வீங்குதா இல்லையான்னு தெரிஞ்சிடும். நாலு நாளா மூட்டம். கண்ணாடியே தெரியலை." திரியாடி தேநீரை ஒரு வாய் குடித்தார். "மத்தியானம் பன்னிரண்டுக்குள்ள கணக்கு அனுப்பணும். இந்தப் பதினொண்ணும் அதுல போச்சுன்னா சாயந்தரமே மூணாம் நிலைன்னு அறிவிச்சிடுவாங்க."

மூன்றாம் நிலை என்றால் என்னவென்று வாகிராவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஊரே கீழே முகாமுக்கு இறங்க வேண்டும். முகாமில் மனிதர்களுக்குப் பாய் உண்டு, மாடுகளுக்கு இடம் இல்லை. போன தடவை லாரியோடு வந்து நின்ற தரகர்கள் மாடுகளைக் கோழி விலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"மலை தட்டலை, மனுஷங்க யாரோ தட்டியிருக்காங்கன்னா நான் கணக்குலேர்ந்து அடிச்சிடலாம்," என்றார் திரியாடி. "ஆனா சும்மா அடிக்க முடியாது. நான்தான்னு ஒருத்தர் சொல்லணும். நீங்கதான் ஊருக்குத் தலைவர். விசாரிச்சுச் சொல்லுங்க."

"விசாரிக்கறேன்," என்றார் பர்ஜோனோ, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

வாகிரா வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சட்டியைப் பார்க்கப் போனாள்.

விசாரணை பத்தரைக்கு அவர்கள் வாசலிலேயே நடந்தது. செய்தி முன்பே பரவியிருந்ததால் பாதிப் பேர் மெத்தையைச் சுருட்டிக் கட்டிவிட்டுத்தான் வந்தார்கள். தெருமுனையில் தரகரின் லாரி ஒன்று நின்றது. டிரைவர் இறங்கவில்லை, இன்ஜினையும் நிறுத்தவில்லை.

"நேத்து மேல புல்லுக்குப் போனது யாரு?" என்று கேட்டார் பர்ஜோனோ.

எல்லாரும் பக்கத்திலிருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பயப்படாம சொல்லுங்க."

"சாக்கடையை நினைச்சாத்தான் பயமா இருக்கு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பக்கத்து வீட்டு காசினெம் முன்னால் வந்தாள். அவளிடம் ஒரே ஒரு காளை. பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கூரை, அவள் கட்டிக்கொள்ளப் போகும் பல்செட் எல்லாம் அந்தக் காளையில்தான் இருந்தன. "போனவன் எவனா இருந்தாலும் சரி, சொல்லித் தொலைக்கட்டும். என் காளையை அந்த லாரிக்காரன் காலையிலேர்ந்து கண்ணாலயே எடை போடறான். பாக் ஆர்.டி., மிரட்டிக் கேளுங்க! இப்படிக் கெஞ்சினா எவன் சொல்லுவான்?"

"யாரு போனது?" என்று மிரட்டிக் கேட்டார் பர்ஜோனோ.

வாகிரா அவரையே பார்த்தாள். முறைக்கவில்லை. சும்மா பார்த்தாள். அவர் லாரியைப் பார்த்தார், காசினெமைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார்.

"நான்தான்," என்றார்.

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அதன் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. காசினெம் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

திரியாடி மட்டும் சிரிக்கவில்லை. பேனா மூடியைத் திறந்தார். "பதினொண்ணுமே நீங்கதானா, பாக் ஆர்.டி.?"

பர்ஜோனோ கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் கேட்கறேன்னா, உங்களுதை மட்டும்தான் நான் அடிக்க முடியும். மிச்சம் இருந்தா அது மலையோட கணக்கு. எல்லாரும் கீழ போய்த்தான் ஆகணும்."

சிரிப்பு நின்றது. நாற்பது பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். சுருட்டிய மெத்தைகள் தெரு நெடுக வரிசையாக இருந்தன.

"பதினொண்ணும் நான் தள்ளினதுதான்."

"பதினோரு கட்டா?" என்றாள் காசினெம். "உங்க ஓட்டை வண்டியிலயா?"

"கட்டத் தெரிஞ்சவன் கட்டினா நிக்கும்."

திரியாடி ஒவ்வொன்றாக அடித்தார். பதினோரு கோடு. பக்கத்தில் 'புல் வெட்டு' என்று எழுதி, பர்ஜோனோவிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பைக்கை எடுக்கும்போது, "மூட்டம் கலைஞ்சதும் கண்ணாடியைப் பார்க்கறேன். அதுவரைக்கும் மேல போகாதீங்க," என்றார். பர்ஜோனோ தலையாட்டினார். சாக்கடை மண்வெட்டியை அதற்குள் யாரோ கொண்டுவந்து அவர் கையில் கொடுத்திருந்தார்கள்.

சாயந்தரம் அறிவிப்பு வந்தது. இரண்டாம் நிலையே தொடர்கிறது. லாரி திரும்பிப் போனது. தெருவில் மெத்தையை உதறும் சத்தம் கேட்டது.

பர்ஜோனோ முதல் நாள் பங்குச் சாக்கடையை அள்ளிவிட்டு வந்து, கால் கழுவி, சமையலறையில் உட்கார்ந்தார். வெட்கமெல்லாம் எங்கேயோ போயிருந்தது. ஊரைக் காப்பாற்றிய மனிதருக்கு உரிய மாதிரி சாய்ந்துகொண்டார்.

"பார்த்தியா மாக்னே, ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். காசினெம் அவ தோட்டத்துச் சோளத்தட்டையை நம்ம மாட்டுக்குத் தர்றேன்னுட்டா. சோறு போடு, பசிக்குது."

வாகிரா கொட்டிலிலிருந்து அப்போதுதான் வந்தாள். மாட்டுக்குப் போடப் போனவள் வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தாள். கையில் மூங்கில் நார்கள் இருந்தன, கட்டுக்கு ஒன்றாகப் புல்லில் சுற்றிவரும் நார்கள். சோற்றுப் பானைப் பக்கம் போகாமல், அவற்றை அவர் முன்னால் பெஞ்சின் மேல் ஒவ்வொன்றாக வைத்தாள்.

"நேத்து எத்தனை கட்டு கொண்டாந்தீங்க?"

"யாரு எண்ணினா? வண்டி நிறைஞ்சுது, இறங்கிட்டேன்."

"வழியில எதையும் விட்டுட்டு வந்தீங்களா?"

"ஒரு புல் விடலை. எல்லாம் கொட்டில்லதான் இருக்கு. மாடு தின்னது போக."

"மாடு புல்லைத் தின்னும், நாரைத் தின்னாது. மூலை முடுக்கெல்லாம் தேடிட்டேன், ஆறுதான் இருக்கு. மிச்சம் அஞ்சு தடவை தட்டினது யாருங்க?"