இருநூற்றுப் பதினைந்து

மகள் ஐந்தாவது முறையாகத் தட்டித் தேடியபோதும் அப்பாவின் கம்ப்யூட்டர் அதையேதான் சொன்னது: அந்தப் பெயரில் பதிவு இல்லை. சுவருக்கு அந்தப்பக்கம், கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். சுடுகாட்டுக்கு வண்டி மூன்று மணிக்கு.

"சித்தப்பா நம்பர் கெடச்சுதா?" அம்மா கதவோரம் நின்றாள்.

"இல்லம்மா. அத்தை குடுத்தது பழைய நம்பர். அடிக்கவே மாட்டேங்குது."

"இருக்கறது ஒரே தம்பி. அவன் வராம வண்டியில ஏத்த விடமாட்டேன், சொல்லிட்டேன்."

அப்பா செல்போனில் யார் எண்ணையும் வைத்துக்கொண்டதில்லை. எல்லாம் அவரே டிபேஸில் எழுதிய முகவரிப் புரோகிராமில்தான் இருந்தது. தகவல்களை வரிசையாக அடுக்கிவைத்து, கேட்டதும் எடுத்துக்கொடுக்கும் மென்பொருள் டிபேஸ். கிளினிக், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொரு இடத்துக்கும் அதில் எழுதிக்கொடுத்தே குடும்பத்தை ஓட்டினார். அதே தெருவில் இன்னொருவர் ஃபாக்ஸ்புரோ என்ற போட்டி மென்பொருளில் எழுதிக்கொடுத்தார். அப்பா அவருக்கு வைத்த பெயர் நரி. அவர் அப்பாவுக்கு வைத்தது ஆமை.

"நரி வேகமாத்தான் ஓடும். எங்க ஓடுறோம்னு அதுக்கே தெரியாது" என்பார் அப்பா.

"ஆமை தேடி எடுக்கறதுக்குள்ள வந்தவன் வீட்டுக்குப் போய்த் தூங்கி எந்திரிச்சுருவான்" என்று பதில் வரும்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, சித்தப்பா தன் மருந்துக்கடைக்கு நரியிடம் புரோகிராம் வாங்கும்வரை. "சொந்தத் தம்பியே என்னை நம்பலைன்னா வேற எவன் நம்புவான்?" அன்று மாலையே, பன்னிரண்டு வயது மகள் பக்கத்தில் நின்று பார்த்திருக்க, அப்பா தம்பியின் பதிவை அழித்தார். இருபது வருஷமாயிற்று. சித்தப்பா ஊரே மாறிப்போனார்.

பதினோரு மணிக்கு நரி வந்தார். கூடத்தில் கைகட்டிக் கொஞ்சநேரம் நின்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள்தான் அவரை உள்ளே அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

நரி திரையைப் பார்த்தபடி தாடையைச் சொறிந்தார். "உங்கப்பா அழிச்சாரு, சரி. டிபேஸ் அழிச்சிருக்காதே."

"புரியல மாமா."

"அழிக்கச் சொன்னா, அது பதிவு பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி போடும். அவ்வளவுதான் வேலை. குறி போட்டதைக் காட்டாதேன்னு புரோகிராம்ல சொல்லி வச்சிருப்பாரு, அதான் இல்லைங்குது. 'பேக்'னு தனியா ஒரு கட்டளை இருக்கு. அதையும் குடுத்தாத்தான் நெஜமாவே தூக்கிப்போடும்."

"குடுத்திருந்தா?"

"போச்சு."

புரோகிராமைத் தாண்டி உள்ளே போக அப்பாவின் கடவுச்சொல் வேண்டும்; அது யாருக்கும் தெரியாது. நரி வீட்டுக்குப் போய் லேப்டாப்போடு திரும்பினார். கோப்பைப் பென்டிரைவில் எடுத்தார்.

"அப்பா ஃபைல் உங்க ஃபாக்ஸ்புரோல திறக்குமா?"

"ஜம்முனு திறக்கும். நோட்டு ஒண்ணுதாம்மா. எந்தக் கை வேகமாப் புரட்டுதுன்னுதான் நாங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டோம்."

அப்பாவின் திரையில் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பதிவுகள். நரியின் திரையில் இருநூற்றுப் பதினைந்து.

ஒரே ஒரு நட்சத்திரம். அதன் பக்கத்தில் சித்தப்பா பெயர்.

எண்ணை வாசிக்கத் தொடங்கிய நரி பாதியில் நிறுத்தினார். "அழிச்சு எத்தனை வருஷம்னு சொன்னே?"

"இருபது."

"இது செல் நம்பராச்சே. அப்ப உங்க சித்தப்பாகிட்ட செல்லே கிடையாதே." கடைசிக் கட்டத்தை விரலால் தொட்டார். ஒரு பதிவைத் திருத்தினால் அன்றைய தேதியை அங்கே போடுவது அப்பாவின் வழக்கம். போன மாதம் பதினான்காம் தேதி என்றிருந்தது. குறியை எடுக்கவில்லை. எண்ணை மட்டும் மாற்றியிருந்தார்.

"யாருகிட்ட கேட்டு வாங்கினாரோ" என்றாள் மகள்.

"எங்கிட்ட கேக்கல" என்றாள் அம்மா. எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. நரியைப் பார்த்து, "உக்காருங்க" என்றாள்.

மகள் அந்த எண்ணுக்கு அடித்தாள். விஷயத்தைக் கேட்டதும் மறுமுனையில் கடை ஷட்டரை இழுத்துவிடும் சத்தம் கேட்டது. பிறகு, "எத்தனை மணிக்கு?"

"மூணு."

"நிறுத்தி வை. வர்றேன்."

சித்தப்பா வந்தபோது மூன்றே முக்கால். தலை முழுக்க நரைத்திருந்தது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நரியை அடையாளம் கண்டு நின்றார்.

"என் புரோகிராம் இன்னும் ஓடுதா?" என்றார் நரி.

"அதைத் தூக்கியே பதினேழு வருஷமாச்சு. இப்ப வேற என்னமோ ஓடுது."

"உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

சித்தப்பா குனிந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார். கயிற்றில் முடிச்சு இறுகிக் கிடந்தது. நரி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். சித்தப்பா உட்காரவில்லை. வண்டிக்காரர் இரண்டுமுறை மணி பார்த்தார். உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை. சித்தப்பா ஒற்றைக்காலைப் படியில் தூக்கி வைத்து, அந்த முடிச்சை நகத்தால் நெம்பிக்கொண்டே இருந்தார்.