நாலாம் நம்பர் வெளியே

ஞாயிறு ஆராதனையில் இரண்டாவது பாட்டு முடிந்ததும் என்னை மாற்றினார்கள்.

உபதேசியார் ஆல்டருக்குப் பக்கத்தில் நின்று போர்டைத் தூக்கினார். வாலிபாலில் ஆள் மாற்றும்போது தூக்குகிற நம்பர் போர்டு. நம்பருக்கு ஒன்றாக எல்லாப் போர்டுக்கும் பெயிண்ட் அடித்தவன் நான்தான். நாலின் கால் கொஞ்சம் வழிந்திருக்கும். நாலு என் நம்பர்.

யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாஸ்டர் ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். பெண்கள் பக்கத்தில் என் மனைவி ஜாய்ஸ் போர்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். எங்கள் மகள் கெசியா மட்டும் பெஞ்சின் மேல் ஏறி நின்று பார்த்தாள்.

நான் சபைப் பிள்ளைகளுக்கு வாலிபால் கோச். சர்வீஸ் போடத் தெரியாதவனைக்கூட மன்னித்துவிடுவேன். ஆனால் ஒரு விஷயத்தில் கறார். போர்டைத் தூக்கினால் முகத்தைத் தூக்கக் கூடாது. ஏன் என்று கேட்கக் கூடாது. உள்ளே வருகிறவன் கையில் தட்டிவிட்டு ஓடிவந்து பெஞ்சில் உட்கார வேண்டும். கெசியாவும் என்னிடம்தான் ஆடுகிறாள். பதினொன்றாம் நம்பர்.

பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு உபதேசம் பண்ணிவிட்டு நான் மட்டும் உட்கார்ந்திருக்க முடியுமா? சிரித்த முகமாக எழுந்தேன்.

வாசலில் குதித்துக்கொண்டிருந்த ஒருவர் உள்ளே ஓடிவந்தார். ஜாய்ஸ் இஸ்திரி போட்ட என் நீலச் சட்டையைப் போட்டிருந்தார். நான் போட்டிருந்ததும் அதே சட்டைதான். முகம் என் முகம் இல்லை. காது கொஞ்சம் பெரிது. ஆனால் ஆள் தயாராக இருந்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நடுப்பாதையில் கையை நீட்டினார். தட்டினேன்.

"ஏதும் சொல்லணுமா அண்ணாச்சி?"

"பாப்பாவுக்கு இடது கைதான் பலம்."

"தெரியும். வலது காது வலிக்குன்னு வியாழக்கிழமையிலேருந்து சொல்லுதா. அது ஒங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. வியாழன் பிராக்டிஸ். வெள்ளி கமிட்டி. சனி மறுபடியும் பிராக்டிஸ்.

அவர் என் இடத்தில் உட்கார்ந்து என் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். சரியான பக்கம் வந்தது.

நான் வாசலைப் பார்த்து நடந்தேன். நடக்க நடக்கக் கோயில் நீண்டது. பெஞ்சுகள் வந்துகொண்டே இருந்தன. பின்வரிசைக்காரர்கள் எல்லோரும் வேட்டிக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார்கள். ஒருவரும் பாடவில்லை. கால் வலித்தது. கடைசி பெஞ்சு என் வீட்டுக் காம்பவுண்ட் சுவரை ஒட்டிக் கிடந்தது. அதில் உட்கார்ந்தேன். எதிரே என் வீட்டு ஜன்னல்.

பக்கத்தில் பாக்கியநாதன் சார் இருந்தார். எங்கள் சபைப் பள்ளியின் ஹெட்மாஸ்டர். போன மாதம்தான் அவர் ஓய்வுபெற்றார். நான்தான் பொன்னாடை போர்த்தினேன்.

"ஒங்களுக்குப் பொன்னாடை போட்டனே சார்" என்றேன்.

"அது நான் இல்லல்லா" என்றார்.

அவர் முழங்காலை நீவிக்கொண்டிருந்தார். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"திரும்ப உள்ள விடுவாங்களா சார்?"

"வாலிபால்னா ஒருதரம் விடுவாங்க. ஒமக்குப் பதிலாப் போனவன் வெளிய வரணும். புட்பால்னா வெளிய வந்தவன் வந்தவன்தான்."

"இது எந்த ஆட்டம்?"

"கேட்டேன். விசில் ஊதட்டும், தெரியும்ங்காங்க."

எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. கோச் வேலையை வேண்டுமானால் அவரே வைத்துக்கொள்ளட்டும். கமிட்டியையும் வைத்துக்கொள்ளட்டும். இந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போனால் போதும்.

ஒலிபெருக்கியில் பிரசங்கம் கேட்டது. யோபுவின் கதை. இழந்த ஆடுகளும் ஒட்டகங்களும் இரட்டிப்பாகத் திரும்பி வந்தன, பத்துப் பிள்ளைகளும் கிடைத்தார்கள் என்றார் பாஸ்டர் ஐயா. செத்துப்போன முந்தின பத்துப் பேரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. புதிதாக வந்த பெண்பிள்ளைகளில் ஒருத்தியின் பெயரைத்தான் கெசியாவுக்கு வைத்தோம். முந்தினவர்களின் பெயர் வேதத்தில் இல்லை.

ஆராதனை முடிந்து மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் கேட்டின் கொண்டி எப்போதும் சிக்கும். அவர் தொட்டதும் திறந்தது.

ஜாய்ஸ் சுவருக்கு மேலாக ஒரு தட்டை நீட்டினாள். சோறும் கறிக்குழம்பும். எனக்குப் பிடித்த நெஞ்செலும்பு அதில் இல்லை.

"வெயில் அடிக்குமேங்க, இங்க" என்றாள்.

"பரவால்ல."

"எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. நல்லா ஆடுனீங்க."

வெளியே எடுத்த ஆளிடம் நானும் இதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு தடவையும், அவன் சரியாக ஆடாத அன்றைக்கும் சொல்வேன். உள்ளேயிருந்து அவர் "ஜாய்ஸ்" என்று கூப்பிட்டார். அவள் ஓடினாள்.

விளக்குப் போட்டதும் குடும்ப ஜெபம். நாங்கள் ஒருநாளும் அதை விட்டதில்லை. மூன்று தலைகள் ஜன்னலில் தெரிந்தன. அவர் பாட்டை ஆரம்பித்தார். நான் எப்போதும் உச்சத்தில் ஆரம்பித்துவிடுவேன். ஜாய்ஸும் கெசியாவும் எட்டிப் பிடிக்க முடியாமல் சிரிப்பார்கள். இன்றைக்குச் சுருதி எல்லோருக்கும் வாகாக இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. நெஞ்செலும்பு போனதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

ஜெபத்துக்கு நடுவில் கெசியா எழுந்தாள். மூலையில் சாத்தியிருந்த போர்டுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மகள் என்னைக் கூப்பிட வருகிறாள். அப்படியானால் இது வாலிபால்தான். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு எழுந்து குதித்தேன். பாக்கியநாதன் சார் என் முதுகில் தட்டினார். "போம், உள்ள போம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

கெசியா என்னைத் தாண்டிப் போனாள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குதித்துக்கொண்டிருந்தாள். கெசியாவின் உயரம். இரட்டைச் சடை. காது கொஞ்சம் பெரிது.

கெசியா போர்டை உயர்த்தினாள். பதினொன்று.

அவள் முகத்தைத் தூக்கவில்லை. அந்தப் பெண்ணின் கையில் தட்டிவிட்டு ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பிசகு இல்லை. ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் பெற்ற மனம் பதறியது.

"யாரு எடுக்கச் சொன்னா போர்ட?"

"உள்ள இருக்க அப்பாதான் சொன்னாங்க."

"ஏன்னு கேட்டியா?"

"கேக்கக் கூடாதுல்லா?"

பாக்கியநாதன் சார் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

"காது வலிக்காம்மா?" என்றேன். நான் அதைக் கேட்டது அப்போதுதான்.

"இல்லப்பா. அதையும் அவகிட்டயே குடுத்தாச்சு."

ஜன்னலில் மறுபடியும் மூன்று தலைகள். இரட்டைச் சடைக்காரி வலது காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஜாய்ஸ் அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

"நம்மளத் திரும்பக் கூப்பிடுவாங்களாப்பா?"

அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. பெஞ்சில் இருக்கிறவர்களிடம் சொல்ல எனக்கு ஒன்றுதான் தெரியும்.

"உட்காராத. ஒடம்பு சூடு ஆறாமப் பாத்துக்கோ."

இரண்டு பேரும் எழுந்து குதிக்க ஆரம்பித்தோம். கெசியா என் கையை விடவில்லை. ஜாய்ஸ் ஜன்னலுக்கு வந்தாள். எங்களைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றாள். பிறகு, கொசு வரும் என்று கதவைச் சாத்தினாள்.

நாங்கள் குதித்துக்கொண்டே இருந்தோம்.