எந்தப் பக்கம் ஈரம்

1

ஒரு கறையைப் பார்த்ததும் இந்தக் கதை தோன்றியது என்று சொல்லத்தான் ஆசை. வேனின் உட்கூரையில், படுக்கைக்கு நேர் மேலே, தேநீர் சிந்திக் காய்ந்ததுபோல் பழுப்பாக ஒரு கறை இருக்கிறது. அதிலிருந்து கதை பிறந்தது என்றால் எழுத்தாளனுக்குக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும்.

உண்மை வேறு. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அண்ணன் வேனை எங்கள் வீட்டுப் பின்பக்கத்திலேயே விட்டுவிட்டு, ஒரு பையோடு பஸ் ஏறிப் போய்விட்டான். அன்று மாலையே நான் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒருநாள் பொறுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் மனிதனாக இருந்திருப்பேன்.

2

கதையை எப்படித் தொடங்குவது என்பதில் மூன்று நாள் போயிற்று.

முதல் தொடக்கம்: "ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் ஊர் சுற்றுவதற்காக ஒரு பழைய கேம்பர் வேனை வாங்கினார்கள். மலைப்பாதையில் முதல் மழை பிடித்தபோது..."

பொய். இந்த வேன் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு ஓரடி நகரவில்லை.

இரண்டாம் தொடக்கம்: "வேனுக்கு நாற்பத்தாறு வயது. அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு. இரண்டுமே"

[இந்த வாக்கியம் அழகாக முடியப் பார்த்தது. அதனால் நிறுத்திவிட்டேன்.]

மூன்றாவதாக, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அண்ணன் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவன். அண்ணி விவாகரத்து வாங்கிக்கொண்டபோது வீடும் அண்ணியோடு போனது. அவனுக்கு மிஞ்சியது, எப்போதோ ஆசைப்பட்டு வாங்கிப் போட்டிருந்த இந்த வேன். உள்ளே ஒரு படுக்கை, ஒற்றை அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, சுவரோடு மடங்கும் பலகை. ஒருநாள் காலையில் அதை ஓட்டிவந்து எங்கள் சமையலறை ஜன்னலுக்கு எதிரே நிறுத்தினான்.

"ரெண்டே நாள்தான்டா, மேதை. எங்கயாவது இடம் பாத்துட்டுப் போயிடறேன்."

(சின்ன வயதிலிருந்தே என்னை மேதை என்றுதான் கூப்பிடுவான். பாராட்டு இல்லை.)

அந்த வாரமே கண் பரிசோதனையில் தேறாமல் அவனுடைய உரிமம் போனது. இரண்டு நாள் எட்டு மாதமானது. வந்த பத்தாம் நாள் மழை பிடித்தது. கூரை ஒழுகியது.

இந்தக் கதையில் கேள்வி ஒன்றுதான்: அண்ணன் எங்கே படுப்பான்? வாசகருக்கு இதைச் சஸ்பென்ஸாக வைத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை.

3

என் மனைவி பாத்திரத்தில் ஒரு சிக்கல். முதல் வரைவில் அவளைக் கல் நெஞ்சுக்காரியாக எழுதியிருந்தேன். "உங்க அண்ணன் வீட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்று ஒரு வசனம்கூடக் கொடுத்திருந்தேன். வசனம் நன்றாகவே வந்திருந்தது.

அவள் படித்துவிட்டுத் தாளை என் முன்னால் வைத்தாள்.

"நான் எப்பங்க இப்படிச் சொன்னேன்?"

"கதைதானே."

"கதைன்னா என் தலையில கட்டிடுவீங்களா? முதல் மழையன்னைக்கே நான் என்ன சொன்னேன்? உங்க எழுத்து ரூமை ஒழிச்சுக் குடுங்க, அவர் வந்து படுத்துக்கட்டும்னு சொன்னேனா இல்லையா?"

சொன்னாள். நான்தான், "அவன் மானஸ்தன், கூப்பிட்டாலும் வரமாட்டான்" என்றேன். கூப்பிட்டுப் பார்க்காமலே சொன்னேன்.

[நீங்கள் படிக்கும் இந்தக் கதையை அந்த அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மேசை ஐந்தடி நீளம். அதை எடுத்துவிட்டால் ஆறடிக் கட்டில் ஒன்று தாராளமாகப் போடலாம். முதல் மழைக்கு மறுநாளே டேப் வைத்து அளந்து பார்த்தேன். அளந்ததை யாரிடமும் சொல்லவில்லை. மேசை இருந்த இடத்திலேயே இருக்கிறது.]

அறையைக் கொடுப்பதற்குப் பதிலாக நான் என்ன செய்தேன் என்றால், கடைக்குப் போய் ஓட்டை அடைக்கும் சீலன்ட் பசைக் குழாய் நான்கும் அதைப் பிதுக்கும் துப்பாக்கி ஒன்றும் வாங்கிவந்தேன்.

4

கூரை ஒழுகல் ஒரு போக்கிரி. தண்ணீர் ஓரிடத்தில் நுழையும். தகரத்துக்கும் உள்பலகைக்கும் நடுவே சத்தம் போடாமல் நடந்துபோய் வேறோர் இடத்தில் சொட்டும். சொட்டுகிற இடத்தை அடைத்துப் பயனில்லை. நுழைகிற இடத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஏணியில் நின்று கூரைமேல் குழாயால் தண்ணீர் ஊற்ற வேண்டும். இன்னொருவர் உள்ளே படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தினமும் மாலை ஐந்து மணிக்கு நான் ஏணியை எடுப்பேன். அண்ணன் உள்ளே போய்ப் படுப்பான்.

"நடுவுல அந்தக் காத்து மூடி விளிம்புல ஊத்து."

"ஊத்தறேன். வருதா?"

"வரல. கொஞ்சம் தள்ளு. அந்தப் பக்கம் இல்லடா, என் கால் பக்கம்."

"உன் கால் எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கூரையை உள்ளிருந்து காலால் ஓர் உதை விட்டான். "இங்க. கிடைச்சுதா, மேதை?"

நான் சிரித்துவிட்டேன். உள்ளே அவனும் சிரித்தது கேட்டது. இருபது வருடத்தில் நாங்கள் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை. முகம் தெரியாமல், நடுவே ஒரு தகரம் இருந்ததால் பேச முடிந்தது என்று நினைக்கிறேன். அவனுக்குக் காலையில் கண் எப்படி மங்குகிறது என்பதைக் கூரை வழியாகத்தான் சொன்னான். அண்ணி ஒருமுறைகூடப் போன் செய்யவில்லை என்பதையும் அப்படித்தான் சொன்னான்.

ஒரு மாலையில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டேய், நான் இங்க கெடக்கறது உனக்குத் தொந்தரவா இருக்கா?"

நான் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன்.

"என்னண்ணா? தண்ணி சத்தம், கேக்கல."

அவன் மறுபடி கேட்கவில்லை. *

* கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இந்தக் கதையில் நான் ஒளித்துவைக்க நினைத்த இடம் இதுதான். அடிக்குறிப்பில் போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள் என்று ஒரு நப்பாசை.

5

மூன்றாம் மாதம் ஓட்டையைப் பிடித்துவிட்டோம். கூரை நடுவில் காற்றுக்காக ஒரு மூடி உண்டு. அதன் விளிம்பில் ரப்பர் மக்கியிருந்தது. நான்கு திருகாணிகள் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தன. பழைய பசையைச் சுரண்டி எடுத்து, இரண்டு நாள் காயவிட்டு, புதிதாகப் பூசினோம். அரைமணி நேரம் தண்ணீர் ஊற்றியும் ஒரு சொட்டு வரவில்லை. அண்ணன் வெளியே வந்து என் முதுகில் தட்டினான்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். இரண்டு சகோதரர்கள், ஒரு கூரை, முதுகில் ஒரு தட்டு. பத்திரிகைக்காரர்கள் உடனே போடுவார்கள்.

ஆனால் குளிர் தொடங்கியதும் மறுபடி ஈரம். மழையே பெய்யாத நாளிலும், காலையில் உட்கூரை முழுக்கத் துளித்துளியாக நின்றது. போர்வை நனைந்திருந்தது. தலையணை ஓரத்தில் கரும்புள்ளியாகப் பூசணம். அண்ணனுக்கு இருமல் பிடித்தது.

நாங்கள் கண்ணில் பட்ட சந்துபொந்தையெல்லாம் அடைத்தோம். ஜன்னல் ஓரங்களை, கதவின் அடிப்பக்கத்தை, தொட்டியின் குழாய் தரைக்குள் போகிற வட்டத்தைக்கூட. கடைசியில் கூரை மூடியையே சுற்றிலும் பூசித் திறக்க முடியாதபடி ஒட்டிவிட்டோம். அடைக்க அடைக்க ஈரம் கூடியது. இருமலும் கூடியது.

தினமும் மாலை ஐந்து மணிக்கு ஏணி. கூரை சம்பந்தமாக அவனுக்கு நான் செய்யாதது எதுவுமில்லை.

6

என் மனைவிதான் வேன் பட்டறைக்காரர் ஒருவரை வரவழைத்தாள். எண்ணெய்க் கறை படிந்த கையோடு ஓர் ஒல்லியான மனிதர் வந்தார். ஏணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போய் முகர்ந்தார். உள்ளங்கையைக் கூரையில் வைத்துப் பார்த்தார். பிறகு கைக்குட்டை அளவு பாலிதீன் தாள் ஒன்றைக் கூரையில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டினார்.

"நாளைக்குக் காலையில வர்றேன். தாளுக்கு மேல் பக்கம், பலகையை ஒட்டி ஈரம் இருந்தா வெளித்தண்ணி. கீழ்ப்பக்கம் இருந்தா வேற கதை."

மறுநாள் காலையில் நானும் அண்ணனும் பட்டறைக்காரரும் அண்ணாந்து நின்றோம். தாளின் கீழ்ப்பக்கம் முழுக்கத் துளிகள். அவர் டேப்பைப் பிய்த்து மேல் பக்கத்தைத் தடவிக் காட்டினார். சருகாகக் காய்ந்திருந்தது.

"கூரை நல்லா இருக்கு சார். இது மூச்சு."

"மூச்சா?"

"ஆமா. ஒரு ஆள் படுத்துத் தூங்கினா ஒரு டம்ளருக்கு மேல தண்ணி மூச்சுல போகும். உள்ளயே டீ வேற போடறீங்க. எங்க போகும் அது? எல்லா வழியையும் அடைச்சு வெச்சிருக்கீங்களே, சாமி. நல்ல வேளை, ஆள் உயிரோட இருக்காரு."

கத்தியால் மூடியைச் சுற்றியிருந்த பசையை அறுத்தார். மாதக்கணக்கில் கண்ணும் கருத்துமாக நாங்கள் பூசியது நீளநீளமாக உரிந்து விழுந்தது. மூடியை நாலு விரல் உயரம் தூக்கிவைத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் அண்ணன் சிரித்தான்.

"முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவன்டா நான். ஆள் நெறைஞ்சா கண்ணாடியில ஆவி படிஞ்சு மறைக்கும், ஜன்னலைத் தொறந்தா சரியாப் போயிடும். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன்ணா சொல்லல?"

"சொன்னா நீ ஏணியை உள்ள எடுத்து வெச்சிடுவியே."

[இந்த இடத்தில் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு மனிதன் பேச்சுத்துணைக்காக ஈரப் போர்வையில் படுத்து இருமுவானா? வாசகர் நம்புவாரா? இரண்டு வரைவுகளில் இந்த வசனத்தை எடுத்துவிட்டேன். எடுத்தால் கதை நம்பும்படி இருக்கிறது. நடந்தது என்னவோ இதுதான்.]

7

மறுநாள் காலையில் போர்வை காய்ந்திருந்தது. நான் வேன் கதவருகே நின்று, மனது நிறைந்து, உண்மையான பிரியத்தோடு ஒரு வாக்கியம் சொன்னேன்.

"அப்பாடா! இனிமே கவலையே இல்லண்ணா. எத்தனை வருஷம் வேணும்னாலும் நீ இதுலயே இருக்கலாம்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு என் தோளுக்குப் பின்னால், எங்கள் வீட்டைப் பார்த்தான்.

"ஆமாடா. நல்லாப் பண்ணிட்ட."

அன்று மாலை ஐந்து மணிக்கு எனக்கு வெளியே வேலை இல்லை. நான் எழுத உட்கார்ந்தேன். மறுநாளும் அப்படியே. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, ஏணி வழக்கமாக நிற்கும் இடத்தில் அவன் சும்மா நின்றுகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டான். அவனோடு வேலை பார்த்த நடத்துநர் ஒருவரின் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே சாமான் போட்டுவைக்கும் இடம் காலியாக இருந்ததாம். பஸ்ஸில் ஐந்து மணி நேரம். என் மனைவி கேட் வரை அழுதுகொண்டே போனாள். நான் பையைத் தூக்கிக்கொடுத்தேன்.

அவனுக்கு வேண்டியிருந்தது ஒழுகாத கூரை இல்லை. இதை எட்டு மாதமும் தெரிந்தே வைத்திருந்தேன். தெரியாமல் செய்த தவறு என்றால் எழுதி ஆற்றிக்கொள்ளலாம். இதற்கு என்ன எழுத?

8

இன்று காலையிலிருந்து மழை. முந்தைய பகுதியின் கடைசி வரியை எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"மேதை, அங்க மழையா?"

"ஆமாண்ணா. செம மழை."

இருமினான். பிறகு கேட்டான்.

"ஒழுகுதா?"

விடை அவனுக்குத் தெரியும். அவன் கேட்டது கூரையைப் பற்றி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆக, இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள்.

(அ) "இல்லண்ணா, ஒரு சொட்டு இல்ல" என்று நான் சொல்கிறேன். அவன் "நல்லது" என்கிறான். அவ்வளவுதான்.

(ஆ) "ஒழுகுதுண்ணா, நீ வந்தாதான் ஆகும்" என்று சொல்கிறேன். அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவான். அவன் வருவதற்குள் நானே ஏணியில் ஏறி, திருப்புளியால் ஓர் ஓட்டை போட வேண்டியிருக்கும். மாலை ஐந்து மணி திரும்பக் கிடைக்கும். அவன் மறுபடி வேனில் படுத்து இருமுவான்.

(இ) "வாண்ணா. மேசையை எடுத்துட்டேன். உள்ள வந்து

[மூன்றாம் முறையாக இதே இடத்தில் நிற்கிறது. மேசையை எடுத்தால் எதன்மேல் வைத்து எழுதுவது?]

நான் உண்மையில் சொன்னது இது: "என்னண்ணா? மழை சத்தம், கேக்கல."

"சரிடா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

இதற்குமேல் முடிவு எழுத எனக்கு யோக்கியதை இல்லை. போன் இந்த மேசைமேல்தான் இருக்கிறது. மறுபடி அடித்தால் தயவுசெய்து நீங்கள் எடுங்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்பான், என்ன சொல்ல வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். என்னிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கேட்கவில்லை என்று சொல்லிவிடுவேன்.