இரண்டாவது தட்டு

வனஜா ஜப்பானுக்குப் போனது எண்பத்தேழாம் வருஷம், மூன்று வாரம். அதைப் பற்றி அவள் ஊர் ஊராகப் பேசியது எட்டு வருஷம். அவளாகப் போய் எங்கும் பேசவில்லை. கூப்பிட்டார்கள், போனாள்.

அம்பத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் அறிவியல் ஆசிரியை. நான் ஆவடியில் தொழிற்சாலையில் ஃபிட்டர். கோவில்பதாகையில் குடியிருந்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு நாட்டு ஆசிரியர்களும் ஒருவர் பள்ளியை ஒருவர் போய்ப் பார்த்து வருவது என்று ஒரு திட்டம் வந்தது. அதில் அவள் பெயர் தேர்வானபோது, எங்கள் தெருவில் அதுவரை விமானம் ஏறியவர் யாருமில்லை. எங்களுக்குப் பால் ஊற்றும் எதிர்வீட்டு ஞானம்மாள் செம்பும் கையுமாக நின்று கேட்டாள்.

"ஏம்மா, அங்க போயி இன்னா துன்னுவே? பாம்பு துன்ற ஊருன்றாங்களே."

வனஜா எலுமிச்சங்காய் ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். "இது இருக்கே, போதும்."

"ஆமா, பாம்புக்குத் தொட்டுக்க நல்லாத்தான் இருக்கும்" என்றாள் ஞானம்மாள்.

யாய்ஸு என்ற துறைமுக ஊரில் அவளைத் தங்க வைத்திருந்தார்கள். ஒகாவா என்கிற ஆசிரியை வீடு. அந்த அம்மாளின் கணவர் சூரை மீன் பிடிக்கும் கப்பலில் வேலை. போனால் திரும்ப ஒரு வருஷம் ஆகுமாம். இவ்வளவும் அவள் எழுதிய கடிதத்தில் வந்தது. நான் பதில் எழுதினேன், ஆனால் ஒன்றை எழுதவில்லை. அவள் போன இரண்டாவது வாரம் தொழிற்சாலையில் பாரம் தூக்கும் செயின் பிளாக் நழுவி ஒரு இரும்புத் தகடு என் இடது காலில் விழுந்திருந்தது. அவ்வளவு தூரத்தில் இருப்பவளுக்கு அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

மீனம்பாக்கத்தில் மாவுக்கட்டோடு நின்ற என்னைப் பார்த்ததும் அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். எப்படி என்று கேட்கவில்லை. "என்னிக்கு?" என்றுதான் கேட்டாள். சொன்னேன். விரலை மடக்கி மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள். வீடு வந்து சேரும்வரை டாக்சியில் அவள் பேசவே இல்லை. பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் எடுத்து வந்த படங்களை ஸ்லைடு போட்டோம். பள்ளி ஆய்வகத்தில் ஒரு புரொஜெக்டர் இருந்தது. தலைமையாசிரியை அதை நம்பிக் கொடுத்தார். ஸ்லைடுகளைத் தலைகீழாகச் செருகினால்தான் திரையில் நேராக விழும். முதல் கூட்டம் பாடியில், தொழிலாளர் மனமகிழ் மன்றத்தில். எனக்கு அது தெரியாமல் நேராகச் செருகிவிட்டேன். ஃபியூஜி மலை கூரையிலிருந்து தொங்கியது. கூட்டம் சிரித்தது. வனஜா திரும்பிப் பார்த்துவிட்டு மைக்கில் சொன்னாள்: "ஜப்பான் பூமிக்கு அந்தப் பக்கம் இருக்குதில்லையா. இங்கேருந்து பார்த்தா அப்படித்தான் தெரியும்." அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் படத்தை வேண்டுமென்றே தலைகீழாக வைக்கச் சொன்னாள்.

அம்பத்தூர் சங்கங்கள், குவார்ட்டர்ஸ் மகளிர் மன்றம், பூந்தமல்லியில் ஒரு நூலகம், வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி, பள்ளி ஆண்டு விழாக்கள். ஒருமுறை ஒரு கல்யாண வரவேற்பில்கூட, கச்சேரிக்காரர் வரத் தாமதமானதால், அவளைப் பேச வைத்தார்கள். மாணவிகளே வகுப்பறையைப் பெருக்கித் துடைப்பதையும், ரயில் ஒரு நிமிஷம் தாமதித்ததற்கு ஸ்டேஷன் மாஸ்டர் குனிந்து மன்னிப்புக் கேட்டதையும், தான் புடவையோடு சைக்கிள் ஏறி ஒகாவா அம்மாளின் பின்னால் பள்ளிக்குப் போனதையும் சொல்வாள். ஆட்கள் டேப் ரிக்கார்டர் வாங்கி வந்தீர்களா என்று கேட்பார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். பீரோவில் ஒரு தட்டு முழுக்கப் பொன்னாடைகளாகிவிட்டன. ஊரில் அவள் ஜப்பான் டீச்சர், நான் ஜப்பான் டீச்சர் வீட்டுக்காரர். பின்னால் உட்கார்ந்து படம் மாற்றி மாற்றி அந்தப் பேச்சு முழுக்க எனக்கு மனப்பாடம். எந்த இடத்தில் தண்ணீர் குடிப்பாள் என்பதுகூடத் தெரியும்.

ஸ்லைடு பெட்டியில் ஒரு ஸ்லைடு மட்டும் தனி உறையில் இருந்தது. உறைமேல் பென்சிலால் 'வேண்டாம்' என்று எழுதியிருந்தாள். ஒருமுறை விளக்கில் தூக்கிப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டுகள். சரியாக விழாத படம் போலிருக்கிறது என்று திரும்ப வைத்துவிட்டேன்.

தொண்ணூற்று மூன்று சித்திரையில் அவளுக்குத் தைராய்டில் கட்டி என்று அறுவை செய்தார்கள். கட்டி போனது. கூடவே குரலும் போனது. குரல் நரம்பில் ஒன்று வேலை செய்யவில்லை, இனி இவ்வளவுதான் என்றார் மருத்துவர். மிஞ்சியது ஒரு காற்று மாதிரியான சத்தம், காய்ந்த சருகை இழுத்தாற்போல. அதை அவள் என்னைத் தவிர யாரிடமும் காட்டவில்லை. ஞானம்மாளிடம் கையைத்தான் ஆட்டுவாள். பள்ளிக்கு நீண்ட விடுப்பு போட்டாள். விடுப்பு முடிவதற்குள் வேலையை விட்டுவிடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆசிரியைக்குக் குரல் போனால் வேறென்ன செய்வாள்?

ஆனால் பங்குனியிலேயே ஒரு கூட்டத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தாள். கோவில்பதாகை அம்மன் கோயில் ஆடித் திருவிழா. ஒத்துக்கொண்ட கூட்டத்துக்கு அவள் போகாமல் இருந்ததே இல்லை. இது நின்றால் எல்லாமே நின்றுவிடும் என்று எனக்குப் பயம். விழாக் குழுவின் கஜபதி வீட்டுக்கு வந்தார்.

"டீச்சரம்மா, ஒடம்பு எப்டி கீது? பொங்க வெச்சு முடிஞ்சதும் ஒரு அரை அவரு நீங்க பேசிடுங்க. அப்பால ஆர்கெஸ்ட்ரா."

வனஜா என்னைப் பார்த்தாள். கஜபதிக்கும் விஷயம் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு, "முடியலேன்னா உட்டுடலாம் டீச்சரம்மா, ஒண்ணும் தப்பில்லே" என்றார்.

"நான் பேசறேன்" என்றேன். "அவங்க படம் மாத்தட்டும்."

கஜபதி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எப்ப சார் ஜப்பான் போனீங்க?"

வனஜா சிரித்தாள். அறுவைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். சரி என்று தலையாட்டினாள்.

கோயில் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் திரையாக்கியிருந்தார்கள். பொங்கல் பானைகளின் புகை இன்னும் அடங்கவில்லை. முன் வரிசையில் ஞானம்மாளும் தெருப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் மேடையின் ஓரத்தில் டிரம்மைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அதுவரை எந்த மைக்கையும் பிடித்தவனில்லை. புரொஜெக்டர் மேடைக்குப் பக்கத்திலேயே இருந்தது, வனஜா அதன் பின்னால் நின்றாள்.

ஃபியூஜி மலை தலைகீழாக விழுந்தது. அவள் சொல்வதை நான் சொன்னேன், அதே இடத்தில் சிரித்தார்கள். தைரியம் வந்துவிட்டது. வகுப்பறை, ரயில், ஸ்டேஷன் மாஸ்டர் எல்லாம் சரியாக வந்தன. மனப்பாடத்தில் இருக்கும் ஆபத்து அப்போதுதான் தெரிந்தது.

"நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு சைக்கிள்ல ஏறினேன்" என்றேன்.

பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்: "அண்ணாத்தே, பட்டா, நூலா?"

கூட்டம் குலுங்கியது. டிரம் கட்டியவன் ஒரு தட்டுத் தட்டினான். வனஜாவைத் திரும்பிப் பார்த்தேன். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர். அதைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்து துறைமுகத்தின் படம் வர வேண்டும். பேச்சு அதோடு முடியும். துறைமுகம் வந்தது, சொன்னேன். கைதட்டினார்கள். நான் வணக்கம் சொல்லக் கையெடுத்தபோது, திரையில் இன்னொரு படம் விழுந்தது.

பாய் விரித்த அறை. கறுப்பு அரக்குப் பூசிய இரண்டு சின்னத் தட்டுகள், காலுள்ளவை, பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொன்றிலும் மூடி போட்ட கிண்ணம், அதன் பக்கத்தில் ஒரு தட்டில் மீன், மற்றதில் ஏதோ காய். எதிரே யாருமில்லை. காய் வைத்த தட்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு தீற்றல். எங்கள் வீட்டு ஊறுகாய்.

நான் மனப்பாடம் செய்த பேச்சில் இந்தப் படம் இல்லை. கூட்டம் காத்திருந்தது. முன் வரிசையிலிருந்து ஞானம்மாளின் குரல் வந்தது.

"இன்னா நைனா இது, படையலா? யாருக்கு?"

பெண்கள் முணுமுணுத்தார்கள். யாருமில்லாத இடத்தில் சோறு எடுத்து வைத்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் மைக்கைப் பிடித்தபடி வனஜாவைப் பார்த்தேன். அவள் புரொஜெக்டரை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். எனக்குச் சொல்வதற்காகத்தான் என் காதருகே குனிந்தாள். மைக் என் வாய்க்கு நேரே இருந்தது.

"உங்களுக்குத்தான்" என்றாள்.

அந்தச் சருகுச் சத்தம் குழாய் ஸ்பீக்கர்கள் வழியாகக் கோயில் முழுக்க, தெரு முனைவரை போனது. அவள் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தாள். கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. ஆர்கெஸ்ட்ராவின் மைக் செட் ஆளைப் பார்த்துக் கஜபதி கையை மேலே தூக்கினார். "சவுண்ட ஏத்துப்பா. டீச்சரு பேசறாங்க."

நான் மைக்கை அவளிடம் நீட்டினேன். வாங்குவாள் என்ற நிச்சயம் எனக்கு இல்லை. பொங்கல் பானைகள் பக்கம் ஒரு விறகு வெடித்தது. அவள் வாங்கினாள். உதட்டோடு ஒட்ட வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள்.

"அந்த அம்மாவோட வீட்டுக்காரர் கப்பல்ல இருக்கார். தினம் காலையில அவருக்குச் சூடா சோறு வைப்பாங்க. படையல் இல்லை. உயிரோட தூரத்துல இருக்கறவங்களுக்கு, பசிக்கக் கூடாதுன்னு வைக்கிறது. கொஞ்ச நேரம் கழிச்சு மூடியத் தூக்கிப் பார்ப்பாங்க. உள்பக்கம் தண்ணி முத்து முத்தா நின்னா, அவர் நல்லா இருக்கார்னு அர்த்தம். எனக்கு ஒரு நாள் அழுகை வந்துடுச்சு. மறுநாள் அந்த அம்மா ரெண்டு தட்டு வெச்சாங்க. ரெண்டாவது, இவருக்கு."

மூச்சு வாங்கினாள்.

"ஊருக்கு வந்தா இவர் கட்டோட நிக்கறார். கணக்குப் பார்த்தேன். இவருக்குச் சோறு வெச்ச அதே வாரம். அறிவியல் சொல்லிக் குடுக்கறவ நான். இருந்தாலும், உயிரோட இருக்கறவருக்கு இலை போட்டியான்னு யாராவது கேட்டுட்டா என்ன பண்றதுன்னு, இந்தப் படத்தைக் காட்டவே இல்லை. ஆனா அன்னிக்கும் மூடியில தண்ணி நின்னுது. நான் பார்த்தேன். சரியாத்தான் சொல்லியிருக்கு. கால்லதான் பட்டது, ஆள் உயிரோட வந்து நின்னாரே."

ஞானம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வெளியூர் போனவனுக்குச் சோறு எடுத்து வெக்கிறே. இத்த சொல்றதுக்கா இம்மாம் நாளு?" என்றாள். பிறகு, "தொண்ட நோவப் போவுது, ஒக்காரு டீச்சரு" என்றாள்.

கைதட்டல் வரவில்லை. ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் உடனே ஆரம்பிக்கவும் இல்லை. அந்த ஒரு கூட்டத்தில்தான் அவளுக்குப் பொன்னாடை போர்த்த மறந்தார்கள்.

விடுப்பு முடிந்ததும் அவள் பள்ளிக்குப் போனாள். பெற்றோர் சங்கத்தில் சொல்லி ஒரு சின்ன மைக்கும் ஸ்பீக்கர் பெட்டியும் வாங்கி வைத்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொண்டு பாடம் நடத்துவாள். வகுப்பில் சத்தமே இருப்பதில்லை, டீச்சர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். கூட்டங்களுக்கும் போனோம். நான் திரும்பவும் பின்னால், புரொஜெக்டருக்கு. இரண்டு தட்டுப் படம்தான் கடைசிப் படம் என்று ஆகிவிட்டது.

தொண்ணூற்றாறு தை மாதம் அவள் போனாள். கட்டி வேறு இடத்தில் வந்திருந்தது. நான் அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

காரியங்கள் எல்லாம் முறைப்படி நடந்தன. அவளுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து உறவுக்காரர்கள் இலை போட்டார்கள். அது படையல். எல்லாரும் ஊருக்குப் போன பிறகு, ஒரு காலையில் எனக்கு மட்டும் வடித்த சோற்றில் கொஞ்சம் எடுத்து, அவள் டிபனுக்கு எடுத்துப் போகும் எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு மூடி, ஒரு தட்டில் வைத்து, அவள் உட்காரும் பக்கத்தில் வைத்தேன். எதற்காக என்று யோசிக்கவில்லை. மறுநாளும் வைத்தேன்.

சில நாள் கழித்துப் பால் கொண்டுவந்த ஞானம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். செம்பை வைத்துவிட்டு வாசற்படியில் நின்றாள்.

"டெய்லி படையல் வெக்கக் கூடாது நைனா. அவங்களும் போக மாட்டாங்க, நீயும் தேற மாட்டே."

"படையல் இல்லம்மா" என்றேன்.

அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சட்டென்று திரும்பித் தெருவைத் தாண்டிப் போனாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது உள்ளங்கையில் ஒரு சின்னக் கிண்ணி இருந்தது. அதிலிருந்து ஒரு துண்டு எலுமிச்சங்காய் ஊறுகாயை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தின் மூடியை மெதுவாகத் தூக்கித் திருப்பி, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"தண்ணி நிக்குது" என்றாள். மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு, "நீ துன்னு. ஆறிடப் போவுது" என்று சொல்லி, செம்பை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் பால் ஊற்றப் போனாள்.